தூண்டிலுக்கும் ஓர் இடம் வேண்டும்

ஓணம் வந்துவிட்டால் நம் எல்லைப்புறச் சிற்றூர்களில் விளையாட்டு விழாவுக்குக் குறைவே இல்லை. பாறசாலை தொடங்கி நெய்யாற்றின்கரை வரை ஊருக்கொரு கலை விளையாட்டுக் கழகம்; கழகத்துக்கொரு ஒலிபெருக்கி. இளைஞர்கள் வடம் இழுக்கிறார்கள், உறியடிக்கிறார்கள், எண்ணெய் பூசிய வழுக்குமரத்தில் ஏறிச் சறுக்குகிறார்கள். கரண்டியில் எலுமிச்சம்பழத்தை ஏந்திச் சிறுவர் ஓடுகிறார்கள். வென்றவர்க்கு வாழைக்குலை பரிசு. கண்டு மகிழத்தக்க காட்சியே. ஆயினும் அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன். தூண்டில் எங்கே?

"தூண்டிலும் ஒரு விளையாட்டா? வேலையற்றவன் பொழுதுபோக்கு அன்றோ?" என்று நண்பர்கள் சிலர் நகைக்கலாம். அவர்கள் ஒரு நாள் முழுவதும் குளக்கரையில் அமர்ந்து பார்க்கட்டும். தூண்டில் போடுகிறவன் முதலில் நீரைப் படிக்க வேண்டும். கெளுத்தி அடிச்சேற்றில் மேயும். அதற்கு மண்புழு போதும். விரால் பாசியோரத்தில் பதுங்கி நிற்கும். அதற்குச் சிறு தவளை வேண்டும். கரிமீனுக்கு வாய் சிறியது. முள் பெரிதானால் இரையை மட்டும் கொத்திக்கொண்டு போய்விடும். தக்கை நடுங்கும்போது இழுத்தால் மீன் தப்பும். அமிழ்ந்த பின் தாமதித்தாலும் தப்பும். கண்ணுக்கும் கைக்கும் பொறுமைக்கும் ஒருங்கே தேர்வு வைக்கும் விளையாட்டு இதைப்போல் வேறு எத்தனை உண்டு?

தமிழனுக்கு இது புதியதும் அன்று. சூதிலே கிடைக்கும் வெற்றி மீன் விழுங்கிய தூண்டில் இரும்பைப் போன்றது என்று வள்ளுவர் எச்சரித்தார். கேட்பவர் தூண்டிலை அறிந்தவராக இருந்தாலன்றி அந்த உவமை எடுபடுமா?

ஓண விடுமுறையில் பிள்ளைகள் இரு கட்சியாகப் பிரிந்து, யார் கோர்வையில் மீன் அதிகம் என்று பார்ப்பார்கள் என எங்கள் ஊர் முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பந்தலும் இல்லை, பரிசும் இல்லை. பின்னர் கழகங்கள் வந்தன. விளையாட்டுகள் பந்தலுக்குள் வந்தன. தூண்டில் மட்டும் பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. ஏன்?

விடை எளிது. வடமிழுக்க ஒரு திடல் போதும். உறியடிக்க ஒரு கயிறும் ஒரு கம்பும் போதும். தூண்டிலுக்கோ உயிருள்ள நீர் வேண்டும். அந்த நீர் இல்லை. ஆகவே அந்த விளையாட்டும் இல்லை. விழாவிலிருந்து தூண்டில் மறைந்தது என்றால் ஊரிலிருந்து குளம் மறைந்தது என்றே பொருள்.

நம் ஊர்ப் பெயர்களையே எண்ணிப் பாருங்கள். நெய்யாற்றின்கரை ஆற்றின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பாறசாலைக்கும் அதற்கும் இடையே நெடுஞ்சாலையில் இருக்கும் உதியன்குளங்கரை குளத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நீரை வைத்தே ஊருக்குப் பெயரிட்ட மக்கள் நாம். இன்று பெயர் நிலைத்திருக்கிறது. நீரின் நிலை என்ன?

கேரளத்தில் 1970-களில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. இன்று அது சுமார் 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. வயல் போன இடத்தில் வாழையும் மரவள்ளியும் தென்னையும் ரப்பரும் வீட்டு மனைகளும் வந்தன. வயல் போனால் வயலுக்கு நீர் தந்த குளத்தை யார் தூர் வாருவார்? வயலுக்கும் குளத்துக்கும் இடையே மழைக்காலத்தில் ஏறி இறங்கி முட்டையிட்ட மீன் எங்கே போகும்? 1991-இல் கேரளத்து நன்னீர் மீன்களைப் புண்நோய் ஒன்று தாக்கியது. விரால் போன்றவை உடலெங்கும் புண்ணாகி மிதந்தன. ஆற்றிலோ மணல் கொள்ளை. மணல் அள்ளக் கட்டுப்பாடு விதித்து 2001-இல் கேரளம் சட்டம் இயற்றியது. அதற்குள் ஆற்றின் கரைகள் பல இடங்களில் இடிந்து, மீன் முட்டையிடும் மணற்படுகையும் போய்விட்டது.

இங்கே ஒரு கேள்வி எழும். குளம் போயிற்று, மீன் போயிற்று. தூண்டிற்காரன் போனால் என்ன? பெரிய இழப்புக்குப் பின்னால் வரும் சிறிய இழப்புதானே அது?

அன்று என்பதே என் வாதம். தூண்டிற்காரன் நீரின் காவற்காரன். நீரின் நிறம் மாறினால் முதலில் அறிபவன் அவன். மீன் செத்து மிதந்தால் முதலில் காண்பவன் அவன். வாகனத்தில் பாலத்தைக் கடந்து செல்பவனுக்கு ஆறு ஒரு காட்சி. கரையில் அமர்ந்திருப்பவனுக்கு அது சொந்தம்.

இதற்குச் சான்று வேண்டுமானால் இங்கிலாந்தைப் பாருங்கள். வேட்டையும் நாய்ப் பழக்கமும் தூண்டிலும் ஒருங்கே இடம்பெறும் நாட்டுப்புற விளையாட்டுச் சந்தை ஒன்று அங்கே 1958-இல் தொடங்கியது. அத்தகைய சந்தைகளில் தூண்டிலுக்குரிய இடம் குறைந்து வருகிறதே என்ற வருத்தம் அங்கேயும் உண்டு. ஆனால் தூண்டிற்காரர்கள் அங்கே சாதித்ததைக் கேளுங்கள். டெர்பி நகரில் டெர்வெண்ட் ஆற்றில் செயற்கை இழை ஆலையின் கழிவும் நகரத்துச் சாக்கடையும் மின் நிலையத்தின் வெந்நீரும் கலந்தன, மீன்கள் மடிந்தன. வழக்குத் தொடுத்தது யார்? அரசா? அல்ல, தூண்டிற்காரர் சங்கம் ஒன்று! ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர் 1948-இல் தொடங்கிய தூண்டிற்காரர் கூட்டுறவுச் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. ஆற்றைக் கெடுக்கலாகாது என்று நீதிமன்றம் தடை விதித்தது. மேல்முறையீட்டிலும் தூண்டிற்காரர்களே வென்றனர். மீன் பிடிப்பவர் இருந்ததால் ஆற்றுக்காக வாதாட ஆள் இருந்தது. நெய்யாற்றுக்காக வாதாட நம்மிடம் யார் இருக்கிறார்கள்?

நாம் பேச்சில் வல்லவர்கள். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததையும், நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றதையும் மேடைதோறும் பேசுகிறோம். நெய்யாற்று இடதுகரைச் சானலில் தமிழகப் பகுதிக்கு வந்த நீர் 2004-இல் நின்றதையும், 2012-இல் தமிழகம் உச்ச நீதிமன்றம் சென்றதையும் நாளும் மணியும் தவறாமல் சொல்கிறோம். நன்று. ஆனால் நம் ஊரில் இன்னும் தூர்ந்து போகாத குளங்கள் எத்தனை என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்?

ஆகவே என் வேண்டுகோள் இது. எல்லைப்புற ஊர்களிலிருந்து நாள்தோறும் புகைவண்டி ஏறிக் கல்லூரிக்கு வரும் நாம், நம் ஊர்க் கழகங்களில் வாய் திறப்போம். வரும் ஓணத்தில் தூண்டில் போட்டியைச் சேர்க்கச் சொல்வோம். போட்டி ஆவணியில், அதன் வேலையோ சித்திரையில் தொடங்க வேண்டும். ஒரு குளத்தைத் தேர்ந்து, குப்பையும் ஆகாயத்தாமரையும் அகற்றி, மழைநீர் வரும் வழியைத் திறந்துவிட வேண்டும். விதிகளும் எளியவை. ஒருவருக்கு ஒரு மூங்கில் கம்பு, ஒரு முள். வலை கூடாது. நஞ்சும் வெடியும் மின்சாரமும் 2010-ஆம் ஆண்டின் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டப்படியே குற்றம். குஞ்சு மீனை நீரிலேயே விட்டுவிட வேண்டும். நம் நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பிடித்தவர்க்கு இரட்டை மதிப்பெண்!

மீனைத் துன்புறுத்துவது விளையாட்டாகுமா என்று கேட்பாரும் உண்டு. மதிக்கத்தக்க கேள்வி. ஆனால் தூண்டிலில் சிக்குவது சில மீன்கள்; தூர்த்த குளத்தில் மடிவது அவற்றின் குலம். பிள்ளைகள் நீரில் விழுவார்களே என்று பெற்றோர் அஞ்சுவர். நீச்சல் தெரிந்த பெரியவர்கள் கரையில் நிற்கட்டும். நீச்சலையும் உடன் கற்பிக்கட்டும். நீரைக் காணாமலே வளரும் பிள்ளைக்கு நீச்சல் எப்போது வரும்?

வாழைக்குலை ஒன்று கூடுதலாக வாங்கினால் போதும்; கழகத்துக்கு வேறு பெருஞ்செலவில்லை. அந்த ஒரு குலைக்காக ஓர் ஊர் ஒரு குளத்தைக் காக்குமானால், அதைவிட மலிவான பேரம் உண்டோ? நண்பர்களே, இந்தக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது குளத்தைத் தேடுங்கள். கம்பு வெட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.