மருந்தை மாத்தினால் கணக்கையும் மாத்த வேணும்

அமெரிக்காவில் துவக்கு ரவையைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே நிரப்புற ஆக்கள் நிறைய இருக்கினம். சுட்டு முடிந்த கோதைத் துப்புரவாக்கி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் புதுச் சன்னத்தைப் பொருத்துவார்கள். 2020க்குப் பிறகு அங்கே வெடிமருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்படியான நேரத்தில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "என்னட்ட இருக்கிற மருந்தும் கிட்டத்தட்ட அதே மாதிரித்தானே, அதைப் போட்டால் என்ன?"

எங்களில் ஒருத்தரும் ரவை நிரப்பப் போறதில்லை. இந்த மண்ணில் துவக்கைப் பொழுதுபோக்காகக் கதைக்கவும் எங்களால் ஏலாது. ஆனாலும் அந்தக் கேள்விக்கான பதில் எங்களுக்கும் வேண்டியது என்றுதான் நாங்கள் நினைக்கிறம்.

அனுபவமுள்ளவர்கள் சொல்லும் பதில் இதுதான். "மாதிரி" என்பதை நம்பாதே. மருந்து மாறினால் பழைய அளவைத் தூக்கி எறி. புது மருந்துக்கென்று அதன் கொம்பனி வெளியிட்ட அட்டவணையை எடு, அதில் சொன்ன தொடக்க அளவிலிருந்து திரும்பத் தொடங்கு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 4831 என்ற ஒரே இலக்கத்தோடு இரண்டு மருந்துகள் இருக்கின்றன. ஒன்று எச் 4831, மற்றது ஐ.எம்.ஆர் 4831. இரண்டாவது வேகமாக எரியும். முதலாவதுக்குரிய உச்ச அளவை இரண்டாவதில் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டும், துவக்கு முகத்துக்கு முன்னாலேயே வெடிக்கலாம். மருந்துகளை எரியும் வேகப்படி வரிசைப்படுத்தின பட்டியல்களும் உண்டு. ஆனால் அது வகுப்பில் முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று சொல்வது போலத்தான். இருவருக்கும் இடையில் ஒரு புள்ளி வித்தியாசமா, முப்பது புள்ளியா எண்டு அதில் தெரியாது. மறுபக்கம், எச் 110, வின்செஸ்டர் 296 என்று இரண்டு பெயரில் விற்கப்படுவது ஒரே மருந்து. பெயரைப் பார்த்து இதையெல்லாம் ஊகிக்க முடியாது. செய்தவன் சொன்னால்தான் தெரியும்.

வீட்டு மேசையில் இருக்கிற பொழுதுபோக்குக்காரருக்கே தெரிந்த இந்த விதியை, 1964இல் அமெரிக்க இராணுவம் கடைப்பிடிக்கவில்லை.

எம்-16 துவக்கின் மூல வடிவத்தை உருவாக்கியவர் யூஜின் ஸ்டோனர். அது ஐ.எம்.ஆர் 4475 என்ற குச்சி வடிவ மருந்தோடு பரீட்சிக்கப்பட்டு நன்றாக வேலை செய்தது. இராணுவம் கேட்ட வேகத்தையும் அழுத்த வரம்பையும் ஒன்றாகத் தந்து அதைப் பெருமளவில் செய்வது கஷ்டம் என்றது டூபொண்ட் கொம்பனி. அந்த இடத்துக்கு ஒலின் கொம்பனியின் டபிள்யூ.சி 846 என்ற உருண்டை மருந்து வந்தது. அது கெட்ட மருந்தில்லை. 7.62 மில்லிமீற்றர் ரவையில் ஏற்கனவே பாவிக்கப்பட்டதுதான். ஆனால் இந்தத் துவக்கு அந்த மருந்தை வைத்துச் செய்யப்பட்டதில்லை. புது மருந்தில் துவக்கு வரம்பை மீறின வேகத்தில் சுட்டது. மருந்தில் இருந்த கல்சியம் காபனேற்றின் கசடு வாயுக் குழாயில் படிந்தது. அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. போதாததுக்கு, இதைப் பெரிதாகத் துப்புரவாக்கத் தேவையில்லை என்ற எண்ணத்தோடு, போதிய துப்புரவுக் கருவிகளும் இல்லாமல் படையினரை அனுப்பினார்கள். சண்டை நடுவில் கோது வெளியே வராமல் இறுகியது. 1967 மே மாதம் ஒரு மரைன் படையினர் எழுதின கடிதம் கொங்கிரசில் வாசிக்கப்பட்டது. செத்துக் கிடந்தவர்களின் பக்கத்தில், அவர்கள் கழற்றிச் சரிசெய்யப் பார்த்த துவக்குகள் கிடந்ததாக அதில் இருந்தது.

எங்களுக்கு ஆகக் கோபம் வந்த இடம் வேறு. புது மருந்தில் துவக்குகள் ஏற்புச் சோதனையின் வேக வரம்புக்குள் நிற்காது என்று தயாரித்த கொல்ட் கொம்பனி சொன்னபோது, சோதனைக்கு வேறு மருந்தைப் பாவிக்க அனுமதி கிடைத்தது. சோதனையில் ஒரு மருந்து, வியட்நாமில் இன்னொரு மருந்து. கடதாசியில் எல்லாம் சித்தி. 1967இல் கொங்கிரசின் உபகுழு விசாரித்தது. ரவையின் குறைகளைத் திருத்த நடவடிக்கை எடுக்காத அதிகாரிகளின் போக்கு குற்றவியல் கவனயீனத்தை அண்டியது என்று அது எழுதியது.

அந்தத் துவக்குகள் யாரை நோக்கி நீண்டிருந்தன என்பதை மறந்து இதை எழுதவில்லை. அவை நன்றாகச் சுட்டிருந்தால் செத்திருப்பது வியட்நாமியர்கள். அது அநியாயமான யுத்தம் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கட்டாய ஆட்சேர்ப்பில் பிடித்து அனுப்பின தன் பிள்ளைகளையே ஒரு அரசு எப்படி நடத்தியது என்பதும் அந்த யுத்தத்தின் கதைதான்.

மாற்றுப் பொருளே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தட்டுப்பாடு வரும், மாத்தத்தான் வேணும். ஆனால் வீட்டில் ரவை நிரப்புறவர் கவனமாக இருப்பது அவர் பெரிய ஞானி என்பதால் இல்லை. சுடும்போது துவக்குக்குப் பின்னால் இருப்பது அவருடைய முகம். வியட்நாமில் "கிட்டத்தட்ட அதே" என்று கையெழுத்துப் போட்டவர்களின் முகம் அங்கே இருக்கவில்லை. ஆகவே ஒன்றை மாத்திப்போட்டு "அதே மாதிரித்தான்" என்று யாராவது சொன்னால், நாங்கள் மூன்று விஷயம் கேட்க வேணும். எதை வைத்துச் சோதித்தீர்கள்? நாங்கள் பாவிக்கப் போகிற அதையேதானா? பிழைத்தால் யாருக்குப் படும்? மூன்றாவதுக்கு "எங்களுக்கு" என்று அவர்களால் சொல்ல முடியாவிட்டால், முதல் இரண்டையும் விடாமல் திரும்பத் திரும்பக் கேட்போம்.