கண்காட்சி நான்கு நாள், நிலம் ஆண்டு முழுவதும்

அமெரிக்கக் கிராமங்களில் கோடையிலும் அறுவடைக் காலத்திலும் 'கவுண்டி கண்காட்சி' நடைபெறும். கவுண்டி என்பதை மாவட்டம் போன்றதொரு நிர்வாகப் பிரிவு எனக் கொள்ளலாம். 1807இல் எல்கானா வாட்சன் என்பவர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்பீல்ட் ஊரில் இரண்டு மெரினோ செம்மறிகளைப் பொது இடத்தில் காட்சிக்கு வைத்தார். சனம் கூடியது. 1810இல் அங்கே கால்நடைக் கண்காட்சி நடந்தது. அடுத்த ஆண்டு விவசாயச் சங்கமும் உருவாயிற்று. இரண்டு ஆட்டோடு தொடங்கிய காரியம் இன்று இராட்டினம், இசை நிகழ்ச்சி, தின்பண்டக் கடை எனப் பெருகிவிட்டது.

இவற்றுட் சில நிலைத்து நிற்க, சில கடனில் மூழ்குவது ஏன்? பெயர்பெற்ற பாடகரை அழைத்தால் பணம் கொட்டும் எனச் சில நிர்வாகக் குழுக்கள் எண்ணுகின்றன. நாம் இதை ஏற்கவில்லை. மழை பெய்தால் வாசற் கட்டணம் வராது. பாடகருக்குப் பேசிய தொகையோ நிற்கும். இராட்டினக் கம்பனியோடு வசூலில் பங்கு பேசியிருந்தால் வருமானம் குறையுமேயன்றிக் கைக்காசு போகாது.

அரச பணத்தை முழுவதும் நம்புவதும் ஆபத்தே. கலிபோர்னியாவில் 1933இல் குதிரைப் பந்தயப் பணயம் சட்டபூர்வமானபோது அவ்வருவாயில் ஒரு பகுதி கண்காட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. காலப்போக்கில் பந்தய வருமானம் தேய்ந்தது. 2009இல் அதற்குப் பதிலாகப் பொது நிதியிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடி 20 இலட்சம் டொலர் வழங்க ஏற்பாடாயிற்று. 2011இல் அதுவும் நிறுத்தப்பட்டது. வேறு வரும்படி இல்லாத சிறிய கண்காட்சிகளே பெரிதும் தவித்தன.

சம்பளமின்றி உழைக்கும் ஊரவர்கள் பெரும் பலம். பிள்ளைகள் வளர்த்த பன்றியையும் கன்றையும் ஏலத்தில் சந்தை விலைக்கு மேல் வாங்கும் ஊர் வியாபாரிகளும் அப்படியே. அப்பணம் பிள்ளைக்கே சேர்ந்தாலும், பிள்ளையோடு முழுக் குடும்பமும் வாசலுக்கு வருகிறதல்லவா!

ஆனால் உயிர்நாடி நிலம் என்பதே எமது கருத்து. கண்காட்சி முடிந்த பின் மண்டபத்தைத் திருமணத்துக்கு விடலாம். குளிர்ப் பிரதேசங்களில் வெறுமையான மாட்டுக் கொட்டில்களில் படகுகளையும் வண்டிகளையும் பனிக்காலம் முடியும்வரை நிறுத்தி வாடகை அறவிடுகிறார்கள். மாட்டுக் கொட்டிலில் படகு! சிரிப்பாயிருந்தாலும் மழைக்கு அஞ்சாத வருமானம் அது.

கடன் ஏறியதும் நிலத்தை விற்றுவிடலாம் என்போர் எங்கும் உண்டு. 2017 ஒக்டோபரில் சொனோமா கவுண்டியில் காட்டுத் தீ பரவியபோது, வீடுவாசலை விட்டு ஓடிய மக்களுக்கும் அவர்களுடைய குதிரை, ஆடுகளுக்கும் இடம் கொடுத்தவற்றுள் சாந்தா ரோசா நகரின் கண்காட்சித் திடலும் ஒன்று. அதை விற்றிருந்தால் அந்த இரவில் ஆட்டைக் கட்ட இடம் எங்கே?