பத்தியம் போதுமா?

ஆண்பிள்ளைக்கு வயிற்றில் வலி என்றால் அடுத்த நிமிஷம் டாக்டர். பெண்ணுக்கு அடிவயிற்றில் வலி என்றால் பத்தியம்! இதுதான் நம் வீட்டு வைத்திய சாஸ்திரம். மாதவிடாய் நாளில் ஒருத்தி சுருண்டு படுத்தால், "உளுந்தங்களி கிண்டித் தந்தேனே, சாப்பிட்டாயா?" என்றுதான் விசாரணை. தாம்பத்தியத்தில் வலிக்கிறதென்று அவள் யாரிடம் சொல்வாள்? சொன்னாலும், "உடம்புச் சூடு, மோர் குடி" என்று தீர்ப்பாகிவிடும்.

உளுந்தின் மேல் எனக்குப் பகை இல்லை, நல்ல உணவுதான். ஆனால், கருப்பையின் உட்புறச் சவ்வைப் போன்றதொரு திசு வெளியே வளர்ந்து வதைக்கிறதே, எண்டோமெட்ரியோசிஸ், அதை எந்தக் களி கரைக்கும்? பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம், ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு அது உண்டென்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டுக் குறிப்பு சொல்கிறது. அடியோடு போக்க வழியில்லை. வேதனையைத் தணிக்கச் சிகிச்சை இருக்கிறது. "கல்யாணமானால் சரியாகும், பிள்ளை பிறந்தால் சரியாகும்" என்றே நாம் வருஷங்களை ஓட்டுகிறோம்.

இத்தனை பத்தியம் பேசும் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் யார்? அவளேதான்! 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை.

அவளுக்கு வயிறாரச் சோறு போடுங்கள். வலிக்கிறதென்றால், எங்கே, எப்போது, எத்தனை நாளாக என்று கேட்டு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். களி கிண்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.