அம்பாசடர் புராணம் போதும் சாமி!

"என்ன இருந்தாலும் அம்பாசடர் மாதிரி வராதுப்பா!" டீக்கடையில் கார் பேச்சு எடுத்தாலே பெருசுங்க இப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க. கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. இன்னைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துடலாம்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்கு மொட்டை போடப் போகும் குடும்பம், பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரே வண்டியில் அடைந்துகொண்டு போனது அம்பாசடரில்தான். எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டிவிடுவார். ஒத்துக்கறேன்.

ஆனால் ஊரெல்லாம் அதுவே ஓடியது ஏன்? வேறு கார் வாங்க வழியில்லை, அவ்வளவுதான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத்தான் 1950களின் கடைசியில் அம்பாசடர் என்ற பெயரில் உத்தர்பாராவில் செய்ய ஆரம்பித்தார்கள். 2014ல் மூடும் வரை அதன் அடிப்படை உருவம் மாறவில்லை. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கணும். 1983 டிசம்பரில் 796 சிசி மாருதி 800 வந்ததும் சாயம் வெளுத்தது.

சரி, புதுசா செய்ய அவங்களுக்கு வழியே இல்லையா? 1998ல் அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், மிட்சுபிஷியோடு கைகோர்த்து நம்ம திருவள்ளூரிலேயே லான்சர் தயாரித்தது. அதே வருஷம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்து இறங்கியது. அம்பாசடர் மட்டும் அப்படியே கிடந்தது.

அடுத்த வாதம்: "அது இரும்புய்யா, இதெல்லாம் தகர டப்பா." இங்கேதான் உயிர் விஷயம் வருது. மோதும்போது காரின் முன்பக்கம் நசுங்கி வேகத்தை வாங்கிக்கணும். அது நசுங்காவிட்டால் அந்த அடி உள்ளே இருப்பவனுக்குத்தான். இதை பேலா பரேன்யி என்ற இன்ஜினியர் கண்டுபிடித்து, 1959லேயே மெர்சிடிஸ் காரில் வந்துவிட்டது. தகடு தடிமனா இருந்தா பத்திரம் என்பது வெறும் நம்பிக்கை.

உடனே சின்ன கார்காரர்கள் காலரைத் தூக்கிவிட வேண்டாம். 2014ல் குளோபல் என்கேப் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தபோது, ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800, ஐ10, நானோ எல்லாம் வாங்கியது பூஜ்யம்! புதுசு என்பதும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை.

அதனால் மக்களே, கார் வாங்கும்போது கதவைத் தட்டி "டங்"குனு சத்தம் வருதான்னு பார்க்காதீங்க. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் நட்சத்திரம் கொடுக்குது. எத்தனை நட்சத்திரம், எத்தனை ஏர்பேக் என்று கேளுங்க. பின்சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட் போடுங்க. அம்பாசடரை? படத்தில் பார்த்து ரசிங்க, போதும்.