வானைச் சலிக்காமல் பார்ப்போருக்கும் பங்கு கொடுங்கள்
விண்வெளிப் படம் என்றதும் நாம் வியந்து பார்ப்பது ஓர் அழகிய ஒற்றைக் காட்சியை. ஆனால் அண்டத்தின் இளமைக் காலத்தை நமக்குக் காட்டித் தருபவை, வானின் ஒரே பகுதியை ஆண்டுக்கணக்கில் சலிக்காமல் படமெடுக்கும் வான் கணக்கெடுப்புகள்தாம். சிலி நாட்டின் பரனால் பகுதியில் உள்ள விஸ்டா தொலைநோக்கி, காஸ்மாஸ் எனப்படும் வான்துண்டை 2009 டிசம்பரிலிருந்து அகச்சிவப்பில் திரும்பத் திரும்பப் படமெடுத்தது. அண்டம் விரிவதால் தொலைதூர விண்மீன் திரள்களின் ஒளியலை நீண்டு, சிவப்பையும் தாண்டிவிடுகிறது; திரளில் தூசி மிகுந்திருந்தால் நீல ஒளி அங்கேயே தடுக்கப்பட்டும் விடுகிறது. அதனால் சாதாரண ஒளியில் எடுத்த படம் வெறுமையாகக் காட்டும் இடத்தில், அகச்சிவப்புப் படம் ஒரு புள்ளியைக் காட்டும். பல நிற வடிகட்டிகளில் அதன் பிரகாசத்தை ஒப்பிட்டால் தொலைவையும் நிறையையும் கணிக்கலாம். கரீனா கபூட்டி தலைமையிலான குழு, ஸ்பிட்சர் தொலைநோக்கியின் தரவையும் சேர்த்து ஆராய்ந்து, 574 புதிய பெருந்திரள்களை 2015இல் அறிவித்தது. பெருவெடிப்புக்குப் பின் 75 கோடி முதல் 210 கோடி ஆண்டுகளுக்குள் இருந்தவை அவை. அவ்வளவு சீக்கிரம் இத்தனை பெரிய திரள்கள் எப்படி வளர்ந்தன என்பது கோட்பாட்டாளர்களுக்குக் கடினமான கேள்வி. இத்தகைய தரவுகள் பொதுக் காப்பகங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. தொலைநோக்கி கட்டப் பணம் ஒதுக்கும் அரசுகள், அந்தத் தரவை ஆராயும் இளைஞர்களுக்கும் தாராளமாக ஒதுக்க வேண்டும். அவர்கள் இல்லையென்றால் எடுத்த படங்கள் கிடங்கில்தான் கிடக்கும்.