சிபாரிசுக்குப் புதுப் பெயர்

சிபாரிசு என்ற சொல்லுக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. மாமா ரயில்வேயில் இருந்தார், மருமகனுக்கு வேலை கிடைத்தது என்று முடிகிற கதைகளைக் கேட்காதவர்கள் குறைவு. அதே சொல் பெங்களூர், ஹைதராபாத் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குள் நுழைந்ததும் 'ரெஃபரல்' என்று சட்டை மாற்றிக்கொண்டது. அங்கே அதில் ஒளிவுமறைவே இல்லை. ஊழியர் ஒருவர் தனக்குத் தெரிந்தவரின் பெயரைக் கொடுக்கலாம். அந்த நபர் வேலையில் சேர்ந்து சில மாதங்கள் நிலைத்தால் பெயர் கொடுத்தவருக்குப் பரிசுத் தொகை தரும் கம்பெனிகள் ஏராளம்.

டேட்டா துறையில் நுழையத் துடிக்கும் இளைஞர்களை இது கூடுதலாகவே வாட்டுகிறது. வக்கீலாக வேண்டுமானால் சட்டப் படிப்பு, ஆடிட்டராக வேண்டுமானால் சி.ஏ. டேட்டா அனலிஸ்டுக்கு அப்படி ஒரே வாசல் இல்லை. புள்ளியியல் படித்தவர், மெக்கானிக்கல் இன்ஜினீயர், பி.காம். பட்டதாரி, ஆறு மாத கோர்ஸ் முடித்தவர் எல்லோருமே வரிசையில் நிற்கிறார்கள். ஜே.இ.இ. தேர்வு இல்லாமலே சேரக்கூடிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பை சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிவித்தது, வரிசை இன்னும் நீண்டது. எல்லோருடைய பயோடேட்டாவிலும் எஸ்.கியூ.எல்., பைதான், எக்செல் என்று அதே சொற்கள். எதைப் படிப்பது என்று திணறும் அதிகாரிக்கு, உள்ளே இருக்கும் ஒருவர் "இதைப் பாருங்கள்" என்று சொல்வது பெரிய உபகாரம். ரெஃபரலின் வேலை பெரும்பாலும் அவ்வளவுதான். எஸ்.கியூ.எல். தேர்வில் தடுமாறுகிறவரை அது காப்பாற்றாது.

உதவுகிறவர் யார் என்பதுதான் வேடிக்கை. அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது பார்த்தவர்கள் 55.6 சதவீதம், மிக அபூர்வமாகப் பார்த்தவர்கள் 27.8. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்த காலியிடம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும்; தூரத்து அறிமுகம்தான் புதுச் செய்தி கொண்டுவரும். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடி பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்து 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இதைக் கொஞ்சம் திருத்தியது. அதிகம் உதவியது ஓரளவு தூரமான அறிமுகம். பெயருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் தொடர்பு அந்த அளவுக்குப் பயன்படவில்லை. முகம் தெரியாத நானூறு பேருக்கு "சார், ரெஃபர் பண்ணுங்க ப்ளீஸ்" என்று தட்டிவிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

பெயர் கொடுப்பவர் யாரைக் கொடுக்கிறார்? லோரி பீமன், ஜெரமி மக்ரூடர் என்ற பொருளாதார நிபுணர்கள் கொல்கத்தாவில் சோதித்துப் பார்த்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். சிலரிடம், நண்பரை அழைத்து வந்தால் இத்தனை ரூபாய் என்றார்கள். வேறு சிலரிடம், அழைத்து வந்தவர் சோதனையில் எப்படிச் செய்கிறாரோ அதைப் பொறுத்துத்தான் பணம் என்றார்கள். நிலையான தொகை என்றபோது உறவுக்காரர்கள் அதிகம் வந்தார்கள். திறமைக்குப் பணம் என்றதும் உறவு பின்தங்கி, கூட வேலை பார்க்கிறவர்கள் முன்னுக்கு வந்தார்கள். கெட்டிக்காரர்கள் கெட்டிக்காரர்களைக் கூட்டி வந்தார்கள். மற்றவர்களால் அப்போதும் அது முடியவில்லை. மாமா, மருமகன் கதைக்கு இதைவிடச் சுருக்கமான உரை கிடைக்காது. பணம் வாங்கிக்கொண்டு முன்பின் தெரியாதவரை ரெஃபர் செய்யும் புதிய வியாபாரத்தின் லட்சணத்தையும் இதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஆகவே, தன் வேலையைப் பார்த்த ஒருவரைச் சம்பாதிப்பதுதான் புத்திசாலித்தனம். மத்திய அரசின் பொதுத் தகவல் தளம் 2012 முதல் இயங்குகிறது. அதிலிருந்து தன் மாவட்டத்து மழைக் கணக்கையோ பள்ளிக் கணக்கையோ எடுத்து, பிழை நீக்கி, ஒரு கேள்விக்கு விடை கண்டு எழுதியவரிடம் பேசுவதற்கு ஒரு விஷயம் இருக்கிறது. பெங்களூரில் 2012-ல் தொடங்கிய 'ஃபிஃப்த் எலிஃபண்ட்' மாநாடு, சென்னையில் பைதான் ஆர்வலர்களின் 'சென்னைபை' கூட்டங்கள் போன்ற இடங்களில் அந்தப் பேச்சு எடுபடும். இரண்டு வருடம் முன்பு அதே கல்லூரியில் படித்த சீனியர் இன்னும் எளிது. கேட்க வேண்டியது வேலையை அல்ல: "இந்தக் கணக்கை உங்கள் ஆபீசில் எப்படிப் போடுவீர்கள்?" என்பதை. பதில் சொன்னவருக்கு மறுபடி எழுதி, அவர் சொன்னபடி மாற்றியதைக் காட்ட வேண்டும். மூன்றாவது கடிதத்தில் வேலை பற்றிப் பேசினால் தவறில்லை.

இதெல்லாம் மாநாட்டுக்குப் பஸ் ஏறக் காசு உள்ளவர்களுக்கு. ஆபீசில் வேலை பார்க்கும் சீனியர் ஒருவராவது இருக்கும் கல்லூரியில் படித்தவர்களுக்கு. குடும்பத்திலும் தெருவிலும் யாருமே கம்பெனி வாசலை மிதிக்காத பெண்ணுக்கு அந்த முதல் ஆள் எங்கிருந்து வருவார்? கம்பெனிக்கு இதில் நஷ்டம் தெரியாது, வராதவரின் பயோடேட்டாவை அது பார்க்கப்போவதே இல்லை. பெண்களை ரெஃபர் செய்தால் கூடுதல் தொகை என்று சில கம்பெனிகள் வைத்திருக்கின்றன. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அப்படி ஒரு விலைப்பட்டியலைக் காண்பது அரிது. தமிழக அரசு 2010 முதல் தொழிற்கல்விக் கட்டணத்தில் சலுகை தரும் 'முதல் பட்டதாரி' சான்றிதழ் கல்லூரி வாசலோடு நின்றுவிடுகிறது. ரெஃபரல் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் போட அதிகச் செலவாகாது.