ரேஸ் காருக்கு எதுக்கு டாக்டர் கேட்கான்?

1/ "ரோட்டுலயா ஓட்டப் போறோம்? ரேஸ் காருக்கு எதுக்கு டாக்டர் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்?" போன ஞாயித்துக்கிழமை எங்க ஷெட்ல நண்பர் ஒருத்தர் கேட்டது. பதில் சொல்லப் போய் சண்டையில முடிஞ்சுது. அதான் இங்க முழுசா எழுதுறேன். நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/ நான் ரேஸுக்கு எதிரி இல்லைங்க. அரசு ஆஸ்பத்திரியில எம்.பி.பி.எஸ். டியூட்டி டாக்டர், லீவு நாள்ல கார் பைத்தியம். நாலு பேர் சேர்ந்து ஒரு கிட் கார் கட்டிட்டு இருக்கோம். பைப் சேஸிஸ், பழைய ஸ்விஃப்ட்டோட 1.3 பெட்ரோல் இன்ஜின். ஆட்டோகிராஸ் ஓட்டணும், அவ்வளவுதான் ஆசை. கரிவரதன் 1988ல மாருதி 800 இன்ஜினைப் போட்டு ஃபார்முலா மாருதி கட்டின ஊர் கோயம்புத்தூர். எங்களுக்கு இதெல்லாம் ரத்தத்துல இருக்கு.

3/ ரத்தம்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஒரு மழை நாள் ராத்திரி. 22 வயசு மெக்கானிக் பையன். தலைவலி, வாந்தி, கேட்ட கேள்விக்கு பதில் சொல்லத் திணறுறான். "பரோட்டா ஒத்துக்கலைங்க சார்"னு கூட வந்த அண்ணன் சொல்றார். விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர் 98 காட்டுது. பார்த்தா எல்லாம் சரி.

4/ ஆனா அந்த அண்ணனுக்கும் தலைவலி. சட்டையெல்லாம் பெட்ரோல் வாடை. "எங்க இருந்தீங்க?"ன்னு கேட்டேன். மழைச்சாரல் அடிக்குதுன்னு ஷட்டரை இறக்கிட்டு, கேட்கானைக் கழட்டின ஒரு இன்ஜினை ஐடில்ல விட்டு ட்யூன் பண்ணிட்டு இருந்திருக்காங்க. கார்பன் மோனாக்சைடு.

5/ இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும். சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால உள்ள மூச்சுத் திணறிட்டு இருக்கிறவனுக்கும் 98 காட்டும். காத்துல 0.16 சதவீதம் இருந்தாலே 20 நிமிஷத்துல தலைவலி, தலைசுத்தல், வாந்தி. ரெண்டு மணி நேரத்துக்குள்ள உயிரே போகலாம்.

6/ ரெண்டு பேருக்கும் மாஸ்க் வச்சு முழு ஆக்ஸிஜன் கொடுத்தோம். சாதாரணக் காத்துல விட்டா ரத்தத்துல இருக்கிற கார்பன் மோனாக்சைடு பாதியா குறையவே நாலஞ்சு மணி நேரம் ஆகும். முழு ஆக்ஸிஜன்ல அது ஒன்றரை மணி நேரத்துக்குள்ள. பையன் பிழைச்சான். பரோட்டா கதையை நம்பி ஊசி போட்டு அனுப்பியிருந்தா? அதை நினைச்சா இன்னிக்கும் எனக்குத் தூக்கம் போகும்.

7/ இப்ப கேட்கான் என்ன செய்யுதுன்னு பார்ப்போம். உள்ள தேன்கூடு மாதிரி ஒரு கட்டை. அது மேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடா, எரியாத பெட்ரோலைத் தண்ணியும் கார்பன் டை ஆக்சைடுமா, நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனா மாத்துது. நம்ம ஊர் புகைச் சோதனையையே எடுத்துக்கோங்க. கேட்கான் இல்லாத பழைய கார் ஐடில்ல 3 சதவீதம் கார்பன் மோனாக்சைடு விடலாம். பி.எஸ். 4 பெட்ரோல் காருக்கு 0.3 சதவீதம்தான். பத்துல ஒரு பங்கு.

8/ இன்னொரு புண்ணியமும் இதுக்கு உண்டு. ஈயம் கலந்த பெட்ரோல் பட்டா கேட்கான் செத்துடும். அதனாலதான் 1995ல நாலு பெருநகரங்கள்ல புது கார்களுக்கு கேட்கான் வந்தப்ப, கூடவே ஈயமில்லா பெட்ரோலும் வந்துச்சு. 2000ல நாடு முழுக்க ஈயம் போச்சு. குழந்தைங்க மூளையைக் கெடுக்கிற ஈயம் அது. நீங்க கழட்டி மூலையில போடுற டப்பாவோட வரலாறு இது.

9/ இனி நண்பரோட வாதங்கள். "பவர் போயிடும்." கொஞ்சம் போகும், இல்லைன்னு சொல்லலை. கம்பெனி கேட்கான்ல சதுர அங்குலத்துக்கு 400 துளை அளவுல இருக்கும். 200 துளை மெட்டல் கேட்கான் போடுங்க, அடைப்பு ரொம்பவே குறையும். அப்புறமும் ரெண்டு குதிரை குறையுதுன்னு அழுதா, முதல்ல நம்ம தொப்பையைக் குறைப்போம் பாஸ். அதுவும் எடைதான்.

10/ "ஃபுல் த்ராட்டில்ல ரிச்சா ஓடும், அப்ப கேட்கானால பிரயோஜனம் இல்லை." இது நல்ல வாதம். உண்மையும் கூட. ஆக்ஸிஜன் மிச்சம் இல்லைன்னா கேட்கானால கார்பன் மோனாக்சைடை முழுசா எரிக்க முடியாது. ஆனா ஃபுல் த்ராட்டில்ல போறப்ப காருக்குப் பின்னாடி யார் நிக்கிறா? யாரும் இல்லை. ஐடில்ல நிக்கிறப்பதான் பக்கத்துல ஆள் இருக்கு. ஸ்டார்ட் லைன்ல கொடி பிடிக்கிற தம்பி, நேரம் குறிக்கிறவர், பிட்ல குனிஞ்சு வேலை பார்க்கிற மெக்கானிக். அங்கதான் கேட்கான் நல்லா வேலை செய்யும்.

11/ "சூட்டுல தீப்பிடிக்கும்." நியாயமான பயம். கேட்கான் நூத்துக்கணக்கான டிகிரி சூட்டுல வேலை செய்யுற பொருள். அதுக்கு ஹீட் ஷீல்டு போடணும், சேஸிஸ்ல முட்டாம ரப்பர் மவுண்ட்ல தொங்கவிடணும், காஞ்ச புல்லு மேல காரை நிறுத்தக் கூடாது. சைலன்சர் சூட்டுல வெந்த காலை நான் வாரா வாரம் பார்க்கிறேன். அதுக்காக யாரும் சைலன்சரைக் கழட்டச் சொல்றதில்லையே?

12/ "ட்யூன் பண்ணா உருகிடும்." மிஸ்ஃபயர் ஆகி எரியாத பெட்ரோல் உள்ள போய் எரிஞ்சா உருகத்தான் செய்யும். அது கேட்கானோட நோய் இல்லை, இன்ஜினோட நோய். கிட்னி கெட்டா சுகரைப் பார்க்கணும்ல? அப்படித்தான். ஸ்பார்க் சரி பண்ணுங்க. லாம்டா சென்சாரை கேட்கானுக்கு முன்னாடி, தண்ணி தேங்காதபடி மேல் பக்கமா சாய்ச்சு வைங்க. அதுக்கு முன்னாடி பைப்ல லீக் இருந்தா வெளிக்காத்து புகுந்து சென்சார் பொய் சொல்லும்.

13/ பொய்னு சொன்னதும், தேன்கூட்டை உடைச்சு எடுத்துட்டு சென்சாரை ஏமாத்த ஸ்பேஸர் போடுறாங்க பாருங்க, அவங்களுக்கு ஒண்ணு. நாளைக்கு டெஸ்ட்னு இன்னிக்கு மட்டும் சோறு நிறுத்துற சுகர் பேஷண்ட் எங்ககிட்ட நிறைய பேர் வருவாங்க. மூணு மாச சராசரி காட்டிக் கொடுத்துடும். நுரையீரலும் அப்படித்தான், கணக்கு வச்சிருக்கும்.

14/ "சட்டம் கேக்கலையே?" பதிவு செய்யாத, ட்ராக்ல மட்டும் ஓடுற காரை புகைச் சோதனைக்கு யாரும் கூப்பிட மாட்டாங்கதான். பிரிட்டன்ல கேட்டர்ஹாம் கிட் காரை வாங்கி வீட்டுலயே பூட்டி, ரேஸ் ஓட்டிட்டு, அதே காரை ரோட்டுல வீட்டுக்கு ஓட்டிட்டுப் போறாங்க. கேட்கானோடதான். அதுல ரேஸ் சுகம் குறைஞ்சு போச்சுன்னு யாரும் விளையாட்டை விட்டுடலை.

15/ ஒரு எச்சரிக்கை. கேட்கான் இருக்குன்னு ஷட்டரை இறக்கிடாதீங்க. இன்ஜின் குளிர்ச்சியா இருக்கிற முதல் நிமிஷங்கள்ல அது வேலையே செய்யாது. ஷட்டரைத் திறங்க, ஃபேன் போடுங்க, முடிஞ்சா காரை வெளிய தள்ளிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. ஷெட்ல ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல தலைவலின்னா பரோட்டா மேல பழி போடாம ஆஸ்பத்திரிக்கு வாங்க. இன்ஜின் ஓடிட்டு இருந்துச்சுன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

16/ நண்பருக்குக் கடைசியா. நம்ம காருக்கு கேட்கான் செலவுல என் பங்கு போக உங்க பங்கையும் நானே தரேன். ஆனா அது இல்லாம கார் ட்ராக்குக்குப் போனா, நான் சீட்லயும் உக்கார மாட்டேன், மெடிக்கல் டெண்ட்லயும் நிக்க மாட்டேன். கொடி பிடிக்கிற தம்பிக்கும் 22 வயசுதான் இருக்கும்.